பெயரை மூடி எண்ணுகிறவள்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரும் சொல்லப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் அவள் சந்தோஷப்படமாட்டாள். அந்தச் சந்தோஷப்படாத முகத்தை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். நான் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து அவள் வந்தாள். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை, வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் அருமனைக்காரி. அவள் கடற்கரைக்காரி. வந்து ஒரு மாதத்துக்குள் ஆய்வகம் அவளுடையது போலவும் நான் நேற்று வந்தவள் போலவும் ஆகிவிட்டது. கேண்டீனிலிருந்து சாயா கொண்டுவருகிற அக்கா அவளுக்கு மட்டும் ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொண்டுவருவார்.

"அது என்னக்கா, அவளுக்கு மட்டும்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அவ குடிக்குத பாத்தா நமக்கு மனசு நெறையும் மக்கா."

"நான் குடிச்சா என்ன நெறையும்? பக்கெட்டா?"

அக்கா சிரித்தார். ஏலக்காய் வரவில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அரிவாள் செல் நோய் என்று ஒன்று இருக்கிறது. பிறப்பிலேயே வருவது, தொற்றாது. உருண்டையாக இருக்கவேண்டிய சிவப்பணு, ஆக்ஸிஜன் குறைந்தால் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். வளைந்தவை மெல்லிய இரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. எலும்புக்குள் ஆணி அடிக்கிற வலி என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் பேராசிரியர் இந்த வளைதலைத் தடுக்கிற சரக்கு ஏதாவது செடிகொடியில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். இலையோ பட்டையோ பருப்போ, நிழலில் உலர்த்திப் பொடித்து, ஊறவைத்து வடித்துச் சாறு எடுப்போம். நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அதைக் கலந்து ஒரு ஸ்லைடு. வெறும் உப்புத் தண்ணீர் கலந்து இன்னொரு ஸ்லைடு. இரண்டிலும் ஆக்ஸிஜனை உறிஞ்சுகிற மருந்து ஒன்றை விட்டு, ஓரத்தை வாசலின் தடவி அடைத்து, உடம்புச் சூட்டில் வைக்கவேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணவேண்டும். வளைந்தது எத்தனை, உருண்டையாக நிற்பது எத்தனை. சாறு விட்டதில் வளைந்தவை குறைவாக இருந்தால் அந்தச் செடியில் ஏதோ இருக்கிறது. கழுத்து ஒடிகிற வேலை. நான் ஒன்பது வருடம் ஒழுங்காகச் செய்த வேலை.

அவள் வந்த இரண்டாம் நாள் கைப்பையிலிருந்து கறுப்பு டேப் ஒன்றை எடுத்தாள். கரண்ட் வேலைக்காரர்கள் கம்பியில் சுற்றுவார்களே, அந்த டேப். ஸ்லைடின் ஓரத்தில் எது சாறு, எது தண்ணீர் என்று பென்சிலால் எழுதியிருப்போம். அந்த எழுத்தின் மேல் டேப்பை ஒட்டினாள். சாயா அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, இத சீட்டு கலைக்குத மாதிரி கலச்சு, மேல நம்பர் எழுதுங்க. எங்க ரெண்டு பேருக்கும் காட்டாதிங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது எதுக்குட்டி? நம்ம மேல நமக்கே நம்பிக்கை இல்லியா?"

"எனக்கு எனக்க மேலயே நம்பிக்கை இல்ல. உன்னய எங்ஙன நம்புவேன்?"

"நான் என்ன பொய்யா எண்ணுதேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா? பாதி வளைஞ்சு ஒண்ணு நிக்கும் பாரு, அதுலயும் இல்ல, இதுலயும் இல்ல. சாறுன்னு தெரிஞ்சா கை அத உருண்டையில சேக்கும். தண்ணின்னு தெரிஞ்சா அரிவாள்ல சேக்கும். கையக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்க ஆசை அது."

எண்ணி முடித்து நோட்டில் எழுதிய பிறகுதான் டேப்பை உரிப்பாள். உரிக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். சாறு ஜெயித்தாலும் தோற்றாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும்.

இது ஆய்வகத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். எல்லாவற்றுக்கும் அவளுக்கு அதுதான். "மூடிட்டு பாப்பம்" என்பாள். புதுத் தேயிலை நல்லதா பழையது நல்லதா? மூடிட்டு பாப்பம். யாரோ கோயிலில் நேர்ச்சை வைத்துக் காய்ச்சல் போனதாகச் சொன்னால் மட்டும், "அத மூடிட்டு பாக்க முடியாது, விட்ருவோம்" என்று எழுந்துபோய்விடுவாள். தரகர் ஒருத்தர் அவளுக்கு மாப்பிள்ளை போட்டோ கொண்டுவந்தார். பையனுக்குப் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் இரண்டு மாடி வீடு. அவள் காரையும் வீட்டையும் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்கோ, ஆளு எப்பிடி?" என்று கேட்டாள். தரகர் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு போனார். அந்தக் கதை கல்லூரி முழுக்கப் பரவி எல்லாரும் சிரித்தார்கள். நான் வாய் திறந்தால் 'வாயாடி' என்கிற அதே ஆட்கள்.

சாளை மீன் கறி விஷயம் இதைவிட மோசம். மதியச் சாப்பாட்டில் இருவரும் சாளைக்கறி கொண்டுவந்த நாளெல்லாம் எல்லாருடைய கையும் அவள் டப்பாவுக்குத்தான் போகும். "கடப்பொறத்துக் கறியில்லா, சும்மாவா?" என்பார்கள். என் கறி தேங்காயோடு ஆறிக்கிடக்கும். ஒரு நாள் அவளே எழுந்தாள். ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் எடுத்து, இரண்டு கறியையும் ஊற்றி, அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டி, சாயா அக்காவுக்கும் இரண்டு மாணவிகளுக்கும் கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே கிண்ணத்தைக் காட்டினார்கள். அடியில் டேப்பை உரித்தால் என் பெயர்.

"இவளுக்க கறிதான்! மூணுக்கு மூணு!" என்று அவள் மேசையைத் தட்டிக் கத்தினாள்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தோற்றவள் அப்படிக் கத்தினால் ஜெயித்தவளுக்கு என்ன மிச்சம்?

பேராசிரியரும் அவள் பக்கம்தான். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் ஏறி ஒரு கொடியைக் கொண்டுவந்திருந்தார். காலெல்லாம் அட்டை கடித்த புண். அந்தக் கொடியின் மேல் அவருக்கு உயிர். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம கொடி எப்படி?" என்று அவளைக் கேட்டார். அவள் நோட்டைக்கூடப் பார்க்கவில்லை.

"அதுல ஒண்ணும் இல்ல சார். மூணு வாட்டி மூடி எண்ணியாச்சு."

நான் பயந்தே போனேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப அட்டைக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்" என்றார். இரத்தம் சுழற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் மெஷின் சத்தம் போடுகிறது என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு, வந்தவர்கள் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினவர் இதே மனிதர்.

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. எங்களுக்கு இரத்தம் தருகிற பெண்ணின் அம்மா.

வயநாட்டிலிருந்து ரப்பர் பால் வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். என் தெருவுக்கு அடுத்த தெரு. மகள் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிறுமியாக இருக்கும்போது, கை கால் வலி என்று எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்தவர்களிடம், இரத்தத்தைப் பார்த்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இது சும்மா வலி இல்ல" என்று முதலில் சொன்னது நான். அதனால் அந்த அம்மா என்னைச் 'சேச்சி' என்பாள், அவர்கள் பேச்சில் அக்கா. அவளை 'மேடம்' என்பாள். ஆய்வகத்துக்கு மகளோடு வரும்போது கதவருகில் நின்று, "சேச்சி இருக்காங்களா மேடம்?" என்று அவளிடமே கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக நான் உள்ளே இருந்தும் இரண்டு நிமிடம் தாமதமாக வருவேன்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் விழுங்கவேண்டும். விழுங்கத் தொடங்கிய பிறகு வலி வருவது குறைந்திருந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்த மாத்திரையைக் கண்டாலே பயம். ஒரு முறை ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோய் மார்த்தாண்டத்தில் வெளிக்கடையில் வாங்கப்போனபோது, கடைக்காரர், "யாருக்கு கேன்சர்?" என்று கேட்டுவிட்டார். அந்த மாத்திரை அதற்கும் கொடுக்கிறதுதான். நான் எத்தனை சொல்லியும் அவள் மனதில் அந்தக் கேள்வி உட்கார்ந்துவிட்டது. "சேச்சி, இலையில ஏதாவது கெடச்சா மொதல்ல எனக்கு சொல்லணும்" என்று பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வாள்.

பப்பாளி இலைச் சாற்றின் முறை வந்தது. அந்த வாரம் அவள் ஊரில் பெருநாள், மூன்று நாள் லீவு. நான் மட்டும் இருந்தேன். டேப் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் வருவதற்கு முன்னால் எத்தனையோ வருடம் டேப் இல்லாமல் எண்ணவில்லையா? எண்ணினேன். சாறு ஸ்லைடில் உருண்டை உருண்டையாக நின்றன. தண்ணீர் ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் அரிவாள். மறுபடி எண்ணினேன். அதேதான்.  அவள் இல்லாத நாளில், என் கையில், முதல் தடவையாக ஒன்று கிடைத்திருக்கிறது.

பேராசிரியரிடம் சொல்லலாம் என்றால் அவர், "அவ வரட்டும், சேர்ந்து பாருங்க" என்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த அம்மா உலரப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றேன்.

"பப்பாளி இலை வேல செய்யுது" என்றேன்.

"சத்தியமா சேச்சி?"

"எனக்க கண்ணால பாத்தேன்."

"மேடமும் பாத்தாங்களா?"

அவள் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருப்பேன். "மேடம் எதுக்கு? நான் சொன்னா போதாதா?" என்றேன். அவள் ஷீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லீவு முடிந்து அவள் வந்தாள். என் நோட்டைப் படித்தாள். ஒரு கேள்விதான்.

"மூடினியா?"

"மூடல."

அவள் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தாள். புது ஸ்லைடுகள் போட்டாள். சாயா அக்கா கலைத்தார். இருவரும் தனித்தனியாக எண்ணினோம். டேப்பை நானே உரித்தேன். சாறும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நான் பார்த்த உருண்டைகளெல்லாம் எங்கே போயின? எங்கும் போகவில்லை. பாதி வளைந்தவற்றையெல்லாம் என் கை வாரி வாரி உருண்டையில் போட்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டு வேறு வழியாகச் சுற்றிப்போனேன். இலைதானே, டெங்குவுக்கே குடிக்கிறார்களே, கெடுதல் ஒன்றும் வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

நல்ல மழைக்காலம். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சாயா அக்காதான் வந்து சொன்னார். நானும் அவளும் போனோம். பிள்ளை கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் அம்மா ஒரு ஃபிளாஸ்கை மடியில் வைத்திருந்தாள். மூடியைத் திறந்திருந்தாள். பப்பாளி இலை வாசனை எனக்கு முதலில் எட்டியது.

என்னோடு வந்தவள் கேட்டாள்: "மாத்திரை குடுக்கேளா?"

"நிறுத்தி ஒரு மாசமாச்சு மேடம். இலை குடுக்குதேன். சேச்சி சொன்னாங்கல்லா."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இலையில் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தாலும் அது கண்ணாடி ஸ்லைடில் பார்த்தது, உடம்புக்குள் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, டாக்டர் சொல்கிறபடி மாத்திரையை மறுபடி தொடங்கவேண்டும். அந்த அம்மா தலையை ஆட்டினாள், ஆனால் ஃபிளாஸ்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பெருநாளுக்குப் போயிருந்திங்க மேடம். நீங்க பாக்கல. சேச்சி கண்ணால பாத்தாங்க. கேன்சர் மாத்திரைய எனக்க மோளுக்கு இனி நான் குடுக்கமாட்டேன்."

அவள் எழுந்து என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ சொல்லு."

"நீ சொன்னா போதாதா? நீதான எல்லாத்துலயும் பெரிய ஆளு!"

"நான் சொன்னா நம்பலல்லா. உன்னயத்தான் நம்புதா."

"அப்ப என்னாலதான் பிள்ளைக்கு இப்பிடி ஆச்சுன்னு சொல்லுதியா?"

"அத நான் சொல்லமாட்டேன். மழையில நனஞ்சிருக்கா, அதுலயும் வரும். எதுனால வந்துதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா மாத்திரை நின்னது உனக்க வாயால. அது தெரியும்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த இடத்தில்கூட, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்து வைத்துப் பேசினாள். அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்க முடியாது. அவள் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உள்ளே போனேன். என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்துப் போட்டு உடைக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் போனேன்.

"நான் பாத்தது தப்பு" என்றேன். "எது சாறு எது தண்ணின்னு தெரிஞ்சு வெச்சுட்டு எண்ணினேன். எனக்கு ஆசையா இருந்துது, அதனால கூட்டி எண்ணிட்டேன். மேடம் வந்து திருப்பி எண்ணினப்ப ஒண்ணும் இல்ல. அது எனக்கு அப்பமே தெரியும். உனக்கிட்ட வந்து சொல்லல."

அந்த அம்மா "அப்பமே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். கட்டிலில் கிடந்த பிள்ளை தலையணையிலிருந்து வாயை எடுத்து, "அம்மா, அந்த மாத்திரைய எடு" என்றது. அம்மா ஃபிளாஸ்கை மூடினாள். பிறகு என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "டாக்டர எங்க பாக்கணும் சேச்சி?" என்று கேட்டாள்.

என்னை அதன்பிறகு மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதையாகத்தான். பிள்ளை ஒரு வாரத்தில் வீடு வந்தாள். மாத்திரை தொடர்கிறது.

பேராசிரியர் நடந்ததைக் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. நான் சொன்னதையும், பிறகு நானே போய்த் திருத்தியதையும் இரண்டையும் சொன்னாள். எனக்குத் திட்டு விழுந்தது. வேலை போகவில்லை. அதற்காக நன்றி சொல்லலாம் என்று அவள் மேசைக்குப் போனேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் முன்னால் திருச்சூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள். சாயா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். அவள் நினைவாக எதையாவது விட்டுப்போவாள் என்று பார்த்தேன். டேப்பைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குலசேகரம் சந்தியில் கரண்ட் சாமான் கடையில் நான்தான் புதிதாக ஒன்று வாங்கினேன்.

இப்போது துவரைச் சாறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் மூடி எண்ணினேன். டேப்பை உரித்தபோது சாறு விட்டதில் வளைந்தவை குறைவாக இருந்தன. கொஞ்சம்தான். இன்னொரு முறை மூடி எண்ணினேன். அப்போதும் கொஞ்சம் குறைவு. இரத்தம் கொடுக்க அந்தப் பெண் வந்திருந்தாள். இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். என் முகத்தைப் பார்த்து எதையோ கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏதோ கெடச்சிருக்குல்லா அக்கா? துவரையா? வேல செய்யுதா?"

வாய் வரைக்கும் வந்தது. அவள் அம்மா மறுபடி என்னைச் சேச்சி என்று கூப்பிடுவாள் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"தெரியாது" என்றேன்.

"முகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலியே."

"முகத்த விடு மக்கா. கண்ணாடியில கொஞ்சம் தெரியுது. உடம்புல என்ன செய்யும்னு தெரியாது. மாத்திரை முழுங்கினியா?"

அவள் நம்பவில்லை. எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தாள். அவள் நினைப்பதில் தப்பில்லை, முன்னே மறைத்தவள்தானே நான். என் முன்னாலேயே போனை எடுத்துத் திருச்சூருக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, இங்க துவரையில ஏதோ கெடச்சிருக்கு. கேட்டா இந்த அக்கா தெரியாதுன்னு சொல்லுது. நீங்க ஒருக்க கேட்டுச் சொல்லுங்க."

 மூடினியா என்று கேட்கப்போகிறாள், நானும் நல்ல பதிலாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அவ தெரியாதுன்னு சொன்னா தெரியாதுதான் மக்கா" என்றாள். "போய் மாத்திரைய முழுங்கு."

அந்தப் பெண் போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. இரத்தம் எடுத்த டியூபை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளோடு வேலை பார்த்த அத்தனை வருடத்தில் நான் யாரிடமும் அவளைப் பற்றி இப்படி நம்பி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அதையும் அவள்தான் முதலில் சொன்னாள்.